பாதி வீடியோ வல்லுநர்

பாதி கேட்டதும் எழுந்துவிடும் மனிதரை உங்களுக்குத் தெரியும். வழி சொன்னால் முதல் திருப்பம் வரைக்கும், மருத்துவர் பேசினால் முதல் மாத்திரை வரைக்கும், வீடியோ என்றால் பாதி வரைக்கும் பார்த்துவிட்டு, "மனசிலாயி, மனசிலாயி" என்று, எல்லாம் புரிந்துவிட்டதாகக் கையை ஆட்டிக் கிளம்புகிறவர். திருவனந்தபுரத்தில் இந்த இனத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆரியசாலைப் பக்கம் எங்கள் கிறிஸ்தவ சபைக்கு வாய்த்தவர் கமிட்டி மெம்பர் நேசையன்.

சபையார் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் அசன விருந்துக்கு முந்தின நாள், ஆட்டிறைச்சி வெட்டும் ராஜபாய் அக்கா, கத்தி மழுங்கிவிட்டது என்றார். சாணை பிடித்தால் போதும். ஆனால் நேசையன், உருக்கைக் கடினமாக்கும் வீடியோ ஒன்றைப் பாதி பார்த்திருந்தார்.

"இஞ்ச தா ராஜபாயி. பொறவு பாரு, எலும்பெல்லாம் வெண்ணெயா போவும், கேட்டியா?"

"கெடுத்துராதேயும் அண்ணே. நாளைக்கு சபை முழுக்க எறச்சி திங்கணும்."

நேசையன் செய்தவரைக்கும் தப்பே இல்லை. கத்தியைக் காந்தம் ஒட்டாத அளவுக்குச் செக்கச்செவேலென்று காய்ச்சினார். அந்தச் சூட்டில் உருக்கிலுள்ள கார்பன் இரும்பு முழுக்கக் கரைந்து பரவும். உடனே எண்ணெயில் முக்கினார். வெளியேற நேரமில்லாமல் கார்பன் உள்ளேயே மாட்டிக்கொண்டது, உள்ளமைப்பு ஊசி ஊசியாக இறுகியது. கடினம் பார்க்கத் தேய்த்த அரம் கீறாமல் வழுக்கியது. கமிட்டி முழுவதையும் தேய்த்துப் பார்க்க வைத்தார்.

வீடியோவின் மறுபாதியில், அதே கத்தியை மறுபடி இதமாக, வைக்கோல் நிறம் வரும்வரை சூடாக்கி, அந்த இறுக்கத்தைத் தளர்த்தச் சொல்லியிருந்தார்கள். கடினம் சற்றுக் குறையும், ஆனால் லேசில் உடையாது. குறையும் என்று சொல்கிற பாதியை நேசையன் எதற்குப் பார்க்க வேண்டும்?

மறுநாள் கடைசித் தொடை எலும்பில் ராஜபாய் ஓங்கி வெட்டினார். கத்தி கண்ணாடி போலச் சிதறி, வெட்டிய இறைச்சி நிறைந்த அண்டாவுக்குள் தெறித்தது.

"அய்யோ, பிள்ளையளுக்குத் தொண்டையில குத்துமே!" ராஜபாய் அழுதேவிட்டார்.

நேசையன் பதறவில்லை. "காந்தத்தை எடுங்க." அண்டாவைத் துழாவினார். முதல் சில்லு ஒட்டியது. "கண்டா? சரியாயி" என்று எழுந்துவிட்டார்.

மீதிச் சில்லு எத்தனை, எங்கே என்று தெரியாததால், அத்தனை இறைச்சியையும் குழி வெட்டி மூடினோம். அந்த அசனத்தில் சோறும் சாம்பாரும்தான். "ராஜபாய் கத்தியை உடைச்சிட்டாளாம்" என்று ஊரே பேசியது. நேசையன் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை. எனக்கு இன்றைக்கும் அதில் ஆத்திரம்தான்.

உங்களைச் சொல்லவில்லை. நீங்கள் எதையும் கடைசி வரை படிக்கிறவர். அப்படியானால் சொல்லுங்கள், மேலே பார்க்காமல்: இரண்டாம் முறை கத்தியை எந்த நிறம் வரும்வரை சூடாக்க வேண்டும்?