நார்மனும் அசையாத போல்ட்டும்

தட்டின தட்டில் கொட்டகையே அசைந்தது. போல்ட் மட்டும் அசையவில்லை.

நார்மன் சுத்தியலை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். பழைய மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம், வண்டிச் சட்டத்தோடு சேருகிற இடத்தில் குறுக்கே ஒரே ஒரு நீள போல்ட். அதைக் கழற்றினால்தான் வேறு எதையும் தொட முடியும்.

நார்மன் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஒரு கிடங்கின் மேற்பார்வையாளராக இருந்தவர். வசந்தத்தில் ஓய்வு பெற்றபின் மேற்பார்க்க வீடு மட்டும்தான் மிஞ்சியது. அந்த நேரத்தில் மனைவி பெரில் அன்போடு வாங்கித் தந்த பரிசு இந்த வண்டி.

"எப்படித்தான் இப்படிப் பிடிச்சிருக்கோ?" என்றார், வேலிக்கு மேலே தலை நீட்டிய பக்கத்து வீட்டு கிளைவிடம். நார்மனுக்குக் கோபம் வரவில்லை. ஆச்சரியமாகத்தான் இருந்தது.

"எண்ணெய் விட்டியா?"

"ராத்திரி முழுக்க ஊறுச்சு."

"அப்ப ஓங்கிப் போடு. பெரிய சம்மட்டி எங்கிட்ட இருக்கு."

ஓங்கிப் போட்டார். போல்ட்டின் நுனி காளான் மாதிரி விரிந்துகொண்டது. இனி அது துளை வழியாக வெளியே வரவே வராது.

"முன்னாடி பிடிச்சு மட்டும் இருந்துச்சு, இப்ப ஆணி அடிச்ச மாதிரி ஆயிடுச்சே!" என்றார் நார்மன்.

"என்னைப் பாக்காதே. நான் சம்மட்டிதான் குடுத்தேன்."

விரிந்த நுனியை ரம்பத்தால் அறுத்துவிட்டு, கேஸ் டார்ச்சால் சூடு காட்டினார். உள்ளே ஊறியிருந்த எண்ணெய் குப்பென்று பற்றிக்கொண்டது. கிளைவ் தோட்டக் குழாயைத் திருப்பி நெருப்பையும் நார்மனையும் சேர்த்து நனைத்தார். கரும்புகை நேராகப் போய்க் கொடியில் காய்ந்த வெள்ளைப் படுக்கை விரிப்புகளில் படிந்தது.

பெரில் டீயோடு வந்தாள். நார்மன் சொட்டச் சொட்ட நின்றார்.

"விரிப்பெல்லாம்..."

"தோச்சுக்கலாம் விடு. போல்ட் வந்துச்சா?"

"இல்ல."

"ஒண்ணும் அவசரமில்ல கண்ணு. நிதானமா பாரு." பிஸ்கட் தட்டை வைத்துவிட்டுப் போனாள்.

இப்படி ஒரு மனைவி யாருக்குக் கிடைப்பாள்! அவளுக்காகவாவது இதைக் கழற்றியே தீருவது என்று நார்மன் உறுதி எடுத்தார்.

மறுநாள் கார் ஜாக்கியைப் படுக்க வைத்து, ஒரு முனையைப் போல்ட்டிலும் மறு முனையைக் கொட்டகைச் சுவரிலும் கொடுத்து, வண்டியை எதிர்த் தூணோடு கட்டி, கைப்பிடியை ஆட்டினார். ஏதோ நகர்ந்தது.

"வருது! கிளைவ், வருது!"

"ஆமா," என்றது வேலிக்கு அப்பால் குரல். "சுவர் வருது."

மரச்சுவர் முழுசாகப் பிய்ந்து கிளைவின் லீக் வெங்காயத்தாள் பாத்தியில் விழுந்தது. போட்டிக்கென்று வளர்த்த செடிகள்.

கிளைவ் நசுங்கிய ஒரு செடியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "இவ்வளவு போனப்புறம் அந்தச் சனியன் வெளிய வரலைன்னா எனக்கே தூக்கம் வராது," என்று வேலியைத் தாண்டி வந்தார்.

இருவரும் வண்டியை வீட்டின் செங்கல் சுவருக்கு இழுத்துப் போனார்கள். ஜாக்கியைப் பொருத்தினார்கள். கிளைவ் சூடு காட்ட, நார்மன் மூச்சைப் பிடித்து அழுத்தினார். முனகல். அப்புறம் துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம்.

போல்ட் புல்லில் கிடந்தது.

நார்மன் மண்டியிட்டு அந்தத் துளை வழியாகப் பார்த்தார். அந்தப் பக்கம் கொஞ்சம் வானம் தெரிந்தது. துருவைச் சுரண்டி, பிறந்த குழந்தையைப் போலப் போல்ட்டைக் கையில் ஏந்திச் சமையலறைக்கு ஓடினார்.

"பெரில்! கழண்டுடுச்சு! இனிமே எல்லாம் சுலபம். அடுத்த வாரத்துக்குள்ள வண்டி வேலை முடிஞ்சிடும்!"

பெரிலின் முகம் ஏனோ வெளுத்தது. "அடுத்த வாரமேவா?" என்றாள்.

சாயங்காலம், வண்டியை விற்ற ஃப்ராங்க் புது போல்ட் கொண்டுவந்தார். நார்மன் மாடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். வாசலில் ஃப்ராங்க் தணிந்த குரலில் பேசியது படி வழியே ஏறி வந்தது.

"மன்னிச்சுக்குங்க பெரில். ஒரு வருஷத்துக்காவது மனுஷன் வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு நீங்க கேட்டதுக்கு, எங்கிட்ட இருந்ததுலயே கழட்ட முடியாத வண்டியைத்தான் குடுத்தேன்!"