முருங்கைப் போத்தை ஊன்றிக்கொண்டு பஹ்ரைனுக்கு

இரண்டு கால்களும் திடமாக இருக்கும்போதே ஒரு நாட்டுக்குள் நொண்டிக்கொண்டு நுழைந்தவன் நான். முட்டாள்தனத்தில் பல வகை உண்டு. என்னுடையது ஒத்திகை பார்த்துச் செய்த வகை. புறப்படுவதற்கு முன் மூன்று நாள் எங்கள் வீட்டுக் கொல்லையில் நொண்டிப் பழகினேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. மனாமா கடைத்தெருவில் ஓர் அரிசி மொத்தக் கடையில் மச்சான் (என் லாத்தாவின், அதாவது அக்காளின் கணவர்) வேலை பார்த்தார். மூட்டை தூக்க ஆள் வேண்டும் என்று முதலாளி சொல்ல, "குதிரை மாதிரிப் பையன் இருக்கான் அர்பாப்" என்று உத்தரவாதம் கொடுத்து எனக்கு விசா வாங்கினார். (அங்கே முதலாளியை அர்பாப் என்பார்கள்.)

புறப்படும் வாரம் போனில் எச்சரித்தார்.

"மாப்புள, செடி, வெதை, மண்ணு எதுவும் கொண்டாந்துராத. இது தீவு. வெளிப் பூச்சி ஒண்ணு உள்ள வந்துச்சுன்னா ஈச்ச மரம் பூராவும் போச்சுங்குறாங்க. ஏர்போர்ட்ல கேட்டா உள்ளதச் சொல்லிரு."

"சரி மச்சான்."

அவர் கடைக்குப் போனதும் லாத்தா கூப்பிட்டாள்.

"தம்பி, நம்ம வீட்டு முருங்கையில ஒரு போத்து வெட்டிக் கொண்டாடா. இங்க வாசல்ல நடணும். மச்சாங்கிட்ட மூச்சு விட்றாத."

யோசித்தேன். போத்து என்றால் நடுவதற்கு வெட்டும் கொப்பு. அதில் இலையில்லை, வேரில்லை, மண்ணில்லை. பிறகு எப்படி அது செடியாகும்? வெறும் கம்பு. கம்பை யார் கையில் வைத்திருப்பார்கள்? நொண்டி. இவ்வளவுதான் என் ஆராய்ச்சி. நடும்வரை காயாமல் இருக்க, ஊர் வழக்கப்படி வெட்டிய நுனியில் சாணியை அப்பி, அதன்மேல் கைக்குட்டையைச் சுற்றினேன். கைப்பிடி தயார்.

பஹ்ரைன் விமான நிலையத்தில் கொடுத்த தாளில், தாவரப் பொருள் எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். சோதனை மேசையில் இருந்த அதிகாரி நன்றாக இந்தி பேசினார். என் நடையைப் பார்த்ததும் அவர் முகம் இளகிவிட்டது.

"பாவம், உட்கார் பாய். சக்கர நாற்காலி வரவழைக்கிறேன்."

"வேண்டாம் பாய், இதுவே போதும்" என்று கம்பின் பலத்தை நிரூபிக்க முழு எடையையும் அதன்மேல் போட்டேன். முருங்கையில் ஏறாதே என்று குழந்தைக்கும் சொல்லி வளர்க்கிற ஊரில் பிறந்தவன், அதன் கொப்பில் எழுபது கிலோவை இறக்கினேன்.

சடக்.

விழுந்தேன். விழுந்தவன் அப்படியே கிடந்திருக்கலாம். சட்டென்று எழுந்து, இரண்டு காலிலும் நேராக நின்று, பேண்ட்டைத் தட்டிவிட்டுக்கொண்டேன். அப்புறம்தான் நொண்டி என்பது நினைவு வந்து ஒரு முழங்காலைப் பிடித்தேன்.

அதிகாரி முறிந்த கம்பின் பச்சைப் பட்டையைப் பார்த்தார். கைக்குட்டையைப் பிரித்து முகர்ந்தார்.

"என்ன இது?"

"மருந்து பாய்."

"எந்தக் காலுக்கு? வரும்போது இடது. இப்போது வலதைப் பிடித்திருக்கிறாய்."

என்னைக் கூட்டிப்போக வந்து வெளியே காத்திருந்த அர்பாபை உள்ளே அழைத்தார்கள். பின்னாலேயே மச்சான். விஷயத்தைக் கேட்ட அர்பாப், மச்சானிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: "உன் பையன் நொண்டியா, பொய்யனா?"

மச்சான் மாட்டிக்கொண்டார். நொண்டி என்றால் மூட்டை தூக்க முடியாது, அடுத்த விமானத்தில் ஊருக்கு. பொய்யன் என்றாலும் அதே விமானம்தான். உத்தரவாதம் கொடுத்தவருக்கும் பக்கத்து சீட் கிடைக்கலாம். நான் என் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, அந்த மேசையை மூன்று முறை சுற்றி வந்தேன். வேகமாக. நொண்டாமல்.

அர்பாப் என் கால்களை மேலும் கீழும் பார்த்தார். "கல்லாஸ், முடிஞ்சுது. பொய்யன். தூக்குவான்" என்றார்.

அதிகாரி கம்பு, சாணி, கைக்குட்டை மூன்றையும் பையில் போட்டு முத்திரை வைத்தார். கொல்லைச் சேறு ஒட்டியிருந்த என் செருப்பையும் விடவில்லை.

"முதலிலேயே சொல்லியிருந்தால் வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பியிருப்பேன். இதற்குள் என்ன பூச்சி இருக்கிறதென்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இறங்கிவிட்டால் அதைத் திருப்பி அனுப்ப என்னிடம் விமானம் இல்லை."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். பொறுமையாகச் சொன்னார். வெறுங்காலோடு தலை குனிந்து வெளியே வந்தேன். வண்டியில் ஏறியதும் மச்சான் வாயைத் திறந்தார்.

"மாப்புள, நடிக்குற ஆசை இருந்துச்சுன்னா சொல்லியிருக்கலாம்ல? மெட்ராஸுக்கு டிக்கெட் போட்டிருப்பேன்."

அந்தக் கடையில் பதினொரு வருஷம் மூட்டை தூக்கினேன். வீட்டில் யாருக்காவது தலைவலி என்றால்கூட "எந்தக் காலுக்கு?" என்றுதான் இன்றும் விசாரிக்கிறார்கள். அது போகட்டும். நான்காவது வருஷம் ஓர் அரிசி மூட்டை நிஜமாகவே என் பாதத்தில் விழுந்து, கால் பூசணிக்காயாக வீங்கிவிட்டது. கடை நீளத்துக்கும் சுவரைப் பிடித்துப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணில் நீரோடு அர்பாப் முன்னால் போய் நின்று இரண்டு நாள் லீவு கேட்டேன்.

நான் வந்த வழி முழுக்க என் காலையே கவனித்துக்கொண்டிருந்தவர், பேப்பரைத் திரும்ப விரித்துக்கொண்டார்.

"போன தடவையைவிட நல்லா வருது."