மதியும் பத்துப் பேர் குரலும்

பொய் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பத்து என்றுதான் எழுதுகிறார்கள். ஏழு, பதின்மூன்று என்றெல்லாம் எழுதத் தனித் துணிச்சல் வேண்டும். எனக்கு அது இருக்கவில்லை.

திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் நான் எம்.இ. படித்துக்கொண்டிருந்த 2008ஆம் ஆண்டு அது. வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் துறையில் கருத்தரங்கு நடக்கும். மூளை எப்படி யோசிக்கிறது, ரோபோ எப்படி நடக்கிறது, மனிதனைப் போல இயந்திரத்துக்கு அறிவு வருமா என்று வாரம் ஒருவர் பேச வேண்டும். மற்றவர்கள் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவார்கள்.

என் முறை வந்தபோது ஒருவரையும் தூங்க விடுவதில்லை என்று முடிவெடுத்தேன். பொம்மைக் கார் ஒன்றின் மேல் பெட்டியைப் பொருத்தி, கண்ணுக்கு இரண்டு பல்பு வைத்து, சொன்ன பேச்சைக் கேட்கும் ரோபோவைச் செய்தேன். பெயர் மதி. அதன் மூளை என் லேப்டாப்பில் இருந்தது. ஒரே சொல்லை நூற்றுக்கணக்கான தடவை கேட்கவைத்தால், குழந்தையைப் போல அதுவே கற்றுக்கொள்ளும். ஆனால் பலருடைய குரலில் கேட்கவைக்க வேண்டும். அதனால் கருத்தரங்குக்குக் கொடுக்க வேண்டிய கட்டுரையில், ‘பத்துப் பேர் குரலில் பயிற்சி அளிக்கப்பட்டது’ என்று எழுதிவைத்தேன்.

அந்தப் பத்துப் பேரும் என் வகுப்புத் தோழர்கள். குரல் கொடுப்பதாகச் சத்தியம் செய்துவிட்டு, விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டார்கள். என் குரலைப் பதிவுசெய்து கேட்டேன். ஜலதோஷம் பிடித்த வாத்து போல இருந்தது. (இப்போதும் அப்படித்தான் இருக்கிறது. பழகிவிட்டது.) மிச்சம் இருந்தவர் அம்மா.

கூட்டேரிப்பட்டில் எங்கள் வீட்டு வாசலில் மல்லாட்டையை (வேர்க்கடலைக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர்) காயப்போட்டு, ஆடு வராமல் அம்மா காவல் இருந்தார். நான் மைக்கை நீட்டினேன்.

“போ, வா, நில்லு. இதையே சொல்லிக்கினு இரும்மா.”

“எத்தினி வாட்டி?”

“ஒவ்வொண்ணும் முந்நூறு.”

“ஒனக்கு இன்னாடி ஆச்சு? காலேஜில இதான் சொல்லித் தராங்களா?”

ஆனாலும் சொன்னார். ஆட்டைத் துரத்தும் குரலிலேயே தொள்ளாயிரம் தடவையும் சொன்னார்.

மதி அற்புதமாகக் கற்றுக்கொண்டது. அம்மா “போ” என்றால் போனது, “நில்லு” என்றால் நின்றது. நான் சொன்னால் அசையவில்லை. ஆனால் இடுப்பில் கைவைத்து, அம்மா மாதிரியே மூக்கால் இழுத்து “போஓ” என்றால் ஓடியது. அது போதும் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை அரங்குக்குள் போனால், முதல் வரிசையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். சென்னையிலிருந்து வந்திருக்கும் பேராசிரியர், தன் ஆய்வுக்கூடத்துக்கு உதவியாளர் தேடுகிறார் என்று துறைத் தலைவர் என் காதில் சொன்னார். அந்த வேலை மேல் எனக்கு அவ்வளவு ஆசை. அப்படிப்பட்டவர் முன்னால் இடுப்பில் கைவைத்துக் கத்துவதா?

மூளை, நரம்பு எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, செய்தி வாசிப்பவர் போல, “மதி, போ” என்றேன். மதி கல்லாக நின்றது. துறைத் தலைவர் எழுந்து அதட்டிப் பார்த்தார். பேராசிரியர் மரியாதையாக, “போங்க” என்றும் சொல்லிப் பார்த்தார். பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது.

வேறு வழியில்லை. இடுப்பில் கைவைத்தேன்.

“ஏய், போஓ அந்தாண்ட!”

அரங்கமே விழித்துக்கொண்டது. மதி பாய்ந்தது. நேராகப் பேராசிரியரின் காலை நோக்கிப் போனது. “நில்லு! நில்லு!” என்று கத்தினேன். பதற்றத்தில் அம்மா குரல் வரவில்லை, வாத்துதான் வந்தது. பேராசிரியர் காலைத் தூக்கினார். மதி நாற்காலியில் முட்டித் திரும்பியது. அவர் எழுந்து வாசல் பக்கம் நகர்ந்தார். அதுவும் அந்தப் பக்கமே போனது. அவர் ஓட ஆரம்பித்தார். (லேப்டாப்பை அணைத்திருக்கலாம். மூளையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசியவளுக்கு அது தோன்றவில்லை.)

செல்போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரைப் போட்டு மைக் அருகே வைத்தேன்.

“யம்மா, நில்லுன்னு சொல்லு! ஜல்தி!”

“யாருடி நிக்கணும்? எவனாவது தொரத்துறானா?”

“சொல்லும்மா!”

“டேய்! நில்லு!”

மதி நின்றது. பேராசிரியரும் நின்றார்.

இரண்டு கையும் பாதி தூக்கியபடி வாசலருகே அவர் நின்ற கோலம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. மூச்சு வாங்கத் திரும்பி வந்து, என் கட்டுரையைப் புரட்டினார்.

“பத்துப் பேர் குரல்னு போட்டிருக்கு. இவங்க ஒருத்தர். மத்த ஒன்பது பேர்?”

“எல்லாமே அம்மாதான் சார்” என்றேன். அழுகை வந்துவிட்டது.

அவர் போனை வாங்கினார். வேலை போயிற்று, பட்டமும் போயிற்று என்று நினைத்தேன்.

“வணக்கம்மா. இப்ப நின்னது நான்தான்.”

“ஐயய்யோ! எவனோ எம் பொண்ணத் தொரத்திக்கினு வரான்னு நெனச்சிட்டேங்க.”

“இல்லம்மா, ஓடினது நான்தான். உங்க பொண்ணு செஞ்ச வண்டிதான் என்னைத் துரத்துச்சு” என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். அரங்கமே அவரோடு சேர்ந்து சிரித்தது. கடைசியில் நானும்தான்.

சிரித்து முடித்துக் கண்டிப்பாகச் சொன்னார்: “ரோபோ ஒழுங்கா கத்துக்கிச்சு. பொய் எழுதினது நீ. மூணு வாரம் தரேன். நிஜமாவே பத்துப் பேரைப் பிடி.”

நான் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. அம்மாவே கிளம்பிவிட்டார். மறுநாள் எங்கள் வாசலில் பூக்காரம்மா, டீக்கடைக்காரர், மயிலம் கோயிலுக்குப் போகிற வழியில் தண்ணீர் குடிக்க வந்த ஒரு குடும்பம் என்று பதினேழு பேர். “வெட்கப்படாம கத்துங்க, அது காது கேக்காத ஜென்மம்” என்று அம்மாவே பயிற்சி கொடுத்தார். மூன்று வாரம் கழித்து மதி எல்லோர் பேச்சையும் கேட்டது. கட்டுரையில் பதினேழு என்று திருத்தி எழுதினேன். வேலையும் கிடைத்தது.

இரண்டு வருடம் கழித்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். காபி ஆறுவதற்குள் அம்மா இந்தக் கதை முழுவதையும் நடித்தே காட்டிவிட்டார். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே கேட்டார்:

“அப்ப நான் யார் பேச்சைக் கேக்கணும் அத்தை?”

“அவ சொன்னா கேளுங்க. கேக்கலன்னா எனக்கு ஒரு போன் போடுவா.”

கல்யாணமாகி ஐந்து வருடம் ஆகிறது. இதுவரை மூன்று முறைதான் போட்டிருக்கிறேன்.