வெள்ளிக்கிழமையை வென்ற கிரேன்காரன்

வாழ்க கிரேன்காரன்! எழுபது மீட்டர் உயரத்துக் கண்ணாடிக் கூண்டில் வீற்றிருந்து, இரண்டு டன் இரும்பு உத்தரத்தை விரற்கடை பிசகாமல் இறக்கிவைக்கும் பெருந்தோளன். அயல்மண்ணில் ஒன்பதாண்டு உழைத்தும் ஒருநாள்கூடப் பிந்தி வாராத வினைத்திட்பன். அடுத்த மாதம் மனைவியை அழைத்துக்கொள்ள விசாவும் டிக்கெட்டும் எடுத்து, இரண்டாவது தலையணையும் வாங்கி வைத்துவிட்ட இல்லறச் செம்மல்! அன்னவன் புகழைப் பாடுமுன், வரிசைகளைப் படைத்தும் காத்தும் மதிய இடைவேளையில் அழித்தும் திருவிளையாடல் புரிகின்ற டோக்கன் இயந்திரமே, உன்னை வணங்குகிறோம். உன் வாயில் தாள் தீராதிருப்பதாக!

போர் மூண்ட காரணம் கேளீர். வீரனுக்குக் கடவுச்சீட்டு இரண்டு. பக்கங்கள் நிறைந்துபோன பழையதில் வேலை விசா இருந்தது. பத்தாண்டு ஆயுளோடு பளபளத்த புதியதில் ஒன்றுமே இல்லை. "ரெண்டையும் பிரிச்சா பொழப்பு போச்சு மாப்ள, சேர்த்துக் கட்டி வச்சுக்க" என்று, பல தேசத்து முத்திரை வாங்கிய மச்சான் அருளிய மந்திரத்தைச் சிரமேற்கொண்டு, இரண்டையும் சிவப்பு ரப்பர் பேண்டால் இறுகப் பிணித்து, மூன்று வாரங்களுக்கு முன் விடுமுறை முடிந்து திரும்பியபோது அந்தக் கட்டோடு விமான நிலையத்தில் நீட்டினான். கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த அதிகாரி மேலே இருந்ததைப் பார்த்தார். மேலே இருந்தது பழையது. அது காலாவதியாகும் நாளையே வீரன் இந்நாட்டில் தங்கக்கூடிய கடைசி நாளென்று வருகைப் பதிவில் தட்டிவிட்டார். அந்த நாள், வருகிற வெள்ளிக்கிழமை.

விசா இன்னும் இரண்டாண்டு உயிரோடிருக்க, அதை உடையவன் மட்டும் மூன்றே நாளில் காலாவதியாகும் இந்த விந்தையைச் செவ்வாய்க்கிழமை கண்டுபிடித்தவர் சைட் ஆபீஸ் குமாஸ்தா. "வெள்ளிக்கு மேல கேட்டுக்குள்ள விடமாட்டாங்கப்பா" என்று கையை விரித்தார். கணவனுக்கே இடமில்லாத நாட்டில் மனைவிக்கு ஏது இடம்? எழுபது மீட்டரில் ஒருநாளும் தலைசுற்றாத வீரனுக்கு அன்று தரையிலேயே சுற்றியது.

புதன்கிழமை காலை, இஸ்திரி போட்ட சட்டையே கவசமாக, நெகிழிப் பையே தூணியாக, பேனாவே வேலாக, பதிவுத் திருத்த அலுவலகம் என்னும் களம் புகுந்தான். அங்கே, நாட்டைவிட்டே போய்விட்டதாகப் பதிவாகியிருந்த சமையல்காரர் ஒருவர், அதை மறுப்பதற்காக நேரில் வந்து காத்திருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்து, போர்முனைத் தோழர் போலத் தலையசைத்துக்கொண்டனர். மூன்றாம் கவுண்ட்டர் அவனை ஏழுக்கு ஏவியது. ஏழோ, ஜெராக்ஸ் எங்கே என்று முழங்கியது. ஜெராக்ஸ் கீழ்த்தளத்தில் இருந்தது. அவன் மூன்று மாடி பாய்ந்திறங்கி, மூன்று மாடி மூச்சிரைக்க ஏறி வருவதற்குள் அவனுடைய எண் கூவப்பட்டுக் கடந்துபோயிருந்தது. கெட்டும் பட்டணம் சேர் என்பார்கள். பட்டணம் சேர்ந்தபின் கெட்டவன் எங்கே சேர்வது என்று யாரும் சொல்லவில்லை. மீண்டும் டோக்கன் எடுத்தான்.

பிற்பகலில் ஏழாம் கவுண்ட்டர்க் கண்ணாடிக்குப் பின்னே, நெற்றியில் ஒன்றும் மூக்கில் ஒன்றுமாக இரு மூக்குக்கண்ணாடி தரித்த அதிகாரி அம்மையார் வினாக்கணை தொடுத்தார்:

"எந்த பாஸ்போர்ட்ல வந்தீங்க?"

"ரெண்டுலயும் மேடம்!"

"ஒரு ஆளு எப்படிங்க ரெண்டுல வர முடியும்?"

சபை சிரித்தது. வீரனுடைய காது சிவந்தது. இத்தனை பெரிய கட்டடங்களைக் கட்டிக் கொடுத்த ஊரில் தன்னை நிரூபிக்க ஒரு வார்த்தை வரவில்லையே என்று அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. வாளுருவுவோர் உருவுக, வில் வளைப்போர் வளைக்க. எம் வீரனோ, மூன்று வாரமாக அவிழாத அந்தச் சிவப்பு ரப்பர் பேண்டை, மச்சானின் ஆணையை மீறி உருவினான்! பழையதை இடப்புறமும் புதியதை வலப்புறமும் விரித்து, உத்தரம் இறக்கும் அதே நிதானத்தோடு கண்ணாடிக்குக் கீழே தள்ளினான். அம்மையார் இதைப் பார்த்தார், அதைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். "அட, தேதிய பழசுலேர்ந்து எடுத்திருக்காங்க" என்றார். விசைப்பலகை பதினொரு நொடி அதிர்ந்தது. வெள்ளிக்கிழமை வீழ்ந்தது, இரண்டாண்டு எழுந்தது!

"இனிமே ரெண்டையும் சேர்த்துக் கட்டாதீங்க" என்று திருத்திய தாளை நீட்டினார் அம்மையார். சமையல்காரர் எழுந்து நின்று கைதட்டினார். பதிவின்படி அவர் அங்கே இல்லாததால் யாரும் அவரை அடக்கவில்லை. வெற்றித்திருமகளைத் தோளில் சுமந்த கோமான்போல் படியிறங்கிய வீரன், வாசலிலேயே கைபேசியை எடுத்து, தெருவே திரும்பிப் பார்க்க மனைவிக்குப் பறையறைந்தான்:

"கேட்டுக்கோ! இன்னும் ரெண்டு வருஷத்துக்கு நம்மள ஒருத்தனும் அசைக்க முடியாது! நீ பொட்டியக் கட்டு!"

"அதெல்லாம் கட்டியாச்சுங்க, அண்ணன் சொன்ன மாதிரி என்னோட பழைய பாஸ்போர்ட்டையும் புதுசையும் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு வச்சுட்டேன்" என்றாள்.