ராத்தா வீட்டுக்குள் அத்துமீறிய குடியியல் ஆசிரியர்

குற்றங்களைப் பற்றிப் படிப்பிக்கிறவர்கள் எல்லோரும் குற்றம் செய்திருக்க வேண்டியதில்லை. நான் செய்திருக்கிறேன். அதுவும் பாடம் தொடங்குவதற்கு அரை மணி நேரத்துக்கு முன்பு, அரை வயிற்றோடு.

அப்போது எனக்குக் கலியாணம் முடிந்து பதினெட்டு நாள். நிந்தவூரிலிருந்து சாய்ந்தமருதுக்கு மாப்பிள்ளையாகப் போயிருந்தேன். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவது வழக்கம். என் மாமாவுக்கு மூன்று பெண்கள். ஒரே ஒழுங்கையில், ஒரே மேசனைக் கொண்டு, ஒரே அச்சில் மூவருக்கும் மூன்று வீடு கட்டிக் கொடுத்திருந்தார். கேற், கதவு, செற்றி வரைக்கும் ஒன்றுதான். (ஒருத்திக்குக் கூட, மற்றவளுக்குக் குறைய என்று நாளைக்கு யாரும் கதைக்கக் கூடாதாம்.) கடற்கரைப் பக்கமிருந்து வந்தால் முதல் வீடு எங்களுடையது. நான் வைத்திருந்த அடையாளம் அது ஒன்றுதான். அந்த வீட்டிலும் நான் விருந்தாளியைப் போலத்தான் இருந்தேன். இன்னொரு கோப்பைத் தேநீர் கேட்கக்கூட வாய் வராது.

வேலையும் புதிது. நியமனத்தை நிரந்தரமாக்க முன் ஓர் அதிகாரி வந்து, வகுப்பில் இருந்து பார்ப்பார் என்று சொல்லியிருந்தார்கள். அன்று காலை அதிபர் என்னைக் கூப்பிட்டு, மூன்றாம் பாடத்துக்கு அவர் வருகிறார் என்றார். பதினோராம் வகுப்பு, குடியியற் கல்வி. பாடம்: ஆட்களுக்கும் சொத்துக்கும் எதிரான குற்றங்கள். மூன்று நாள் இருந்து எழுதிய பாடக்குறிப்புப் புத்தகமோ வீட்டில் கிடந்தது. அது இல்லாமல் நின்றால் நியமனக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு நிந்தவூருக்கே பஸ் ஏற வேண்டியதுதான் என்று நம்பினேன்.

சக ஆசிரியர் ஒருவரின் மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு பறந்தேன். அவசரத்தில் பிரதான வீதிப் பக்கத்தால் ஒழுங்கைக்குள் திரும்பி, முதல் வீட்டின் முன் நிறுத்தினேன்.

முன்கதவு பூட்டியிருந்தது. மனைவி வேலைக்குப் போகும்போது திறப்பை மின்மானிப் பெட்டிக்குள் வைப்பாள்; அங்கே இல்லை. பின்னால் போய், குசினி ஜன்னலுக்குள் கையை விட்டுக் கதவைத் திறந்தேன். உள்ளே திரைச்சீலை மாறியிருந்தது. புதுப்பெண் ஆசையாக மாற்றியிருக்கிறாள் என்று நின்று ரசித்தேன். மேசையில் புத்தகம் இல்லை. அலுமாரியில் இல்லை. பிரிட்ஜிலும் தேடினேன். (பாடக்குறிப்பு அங்கே எப்படிப் போகும் என்று கேட்காதீர்கள். காலையில் வெட்கத்தால் ஒரேயொரு இடியப்பத்தோடு எழும்பியிருந்தேன்.) அங்கே ஒரு கோப்பை நிறைய வட்டிலப்பம், முட்டையும் கருப்பட்டியும் சேர்த்து அவித்த இனிப்பு. நாலு கரண்டி சாப்பிட்டேன். மாமிக்கென்று எடுத்து வைத்ததாக இருக்குமோ என்ற பயத்தில், மேற்பக்கத்தைக் கரண்டியால் தடவி மட்டமாக்கினேன்.

வாயில் கிடந்ததை இன்னும் விழுங்கவில்லை, அதற்குள் முதுகில் ஒரு கிலோ கீரி மீன் சொப்பிங் பேக்கோடு வந்து விழுந்தது. திரும்பினேன். சந்தையிலிருந்து வந்த ராத்தா, என் மனைவியின் மூத்த சகோதரி, இரண்டாம் அடிக்குக் கையை ஓங்கியபடி நின்றார். கடற்கரைப் பக்கமிருந்து வந்தால்தான் எங்கள் வீடு முதலாவது. வீதிப் பக்கமிருந்து வந்தால் முதலாவது ராத்தாவின் வீடு என்பது அப்போதுதான் விளங்கியது. கள்ளனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்று, புத்தகம், பாடம் என்று ஏதோ உளறிவிட்டு ஓடினேன்.

அதிகாரி கடைசி வாங்கில் மாணவர்களோடு உட்கார்ந்திருந்தார். வெறுங்கையோடும் சட்டையில் மீன் செதிலோடும் தலைப்பைக் கரும்பலகையில் எழுதினேன். குற்ற நோக்கத்தோடு இன்னொருவரின் இடத்துக்குள் நுழைவது அத்துமீறல் என்று சொல்லி, ஓர் உதாரணம் கேட்டேன். அந்த நேரம் பார்த்து ஓட்டோவொன்று வந்து நின்றது. ராத்தா என் புத்தகத்தோடு இறங்கி வகுப்பு வாசலுக்கு வந்தார்.

“தம்பி, எங்கட ஊட்டுக்குள்ள பூந்து தேடின புத்தகம் உங்கட ஊட்டு மேசைலதான் கிடந்திச்சி.”

முன் வாங்கில் இருந்த அவருடைய மகள் சஹ்னா, என்ன நடந்தது என்று எழும்பிப் போய்க் கேட்டாள். ராத்தா அவள் காதுக்குள்தான் சொன்னார். ஆனால் ராத்தாவின் குசுகுசுப்பு கல்முனை பஸ் நிலையம் வரைக்கும் கேட்கும். ஜன்னல், வட்டிலப்பம், மட்டமாக்கிய கரண்டி, கீரி மீன், ஒன்றும் மிச்சமில்லாமல் வெளியே வந்தது.

சிரிப்பு அடங்க நேரமெடுத்தது. பிறகு சஹ்னா, நான் கேட்ட உதாரணம் இதுதான் என்று சொல்லிவிட்டு, வழக்கைத் தானே நடத்தத் தொடங்கினாள். தன் வீடு என்று நினைத்து நுழைந்தவருக்குக் குற்ற நோக்கம் இல்லை; ஆகவே அத்துமீறல் இல்லை. தன் வீட்டு வட்டிலப்பம் என்று நினைத்துச் சாப்பிட்டவருக்கு நேர்மையற்ற எண்ணம் இல்லை; ஆகவே களவும் இல்லை. உம்மா மீனால் அடித்தது தாக்குதல் இல்லை, சொத்தைக் காக்கும் உரிமை. நான் மூன்று நாள் இருந்து எழுதியதை விட நன்றாகவே சொன்னாள். அப்போது அதிகாரி பின்னாலிருந்து கேட்டார்.

“தன்ட ஊடு எண்டு நினைச்சவரு என்னத்துக்கு அத மட்டமாக்கி வெச்சாரு?”

சஹ்னா உம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். (மறைக்கிறவனுக்குத்தானே கெட்ட எண்ணம் இருக்கும். சட்டப்படி மிகச் சரியான கேள்வி.) இனி நியமனம் இல்லை என்று முடிவு கட்டினேன். ராத்தா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அவரைப் பார்த்தார்.

“அவரு எங்கட ஊட்டு மாப்பிள, சேர். மூணு ஊடும் அவருக்கு ஒண்டுதான், பசிச்சா திண்பாரு. கேக்க வெக்கப்பட்டுத்தான் அப்பிடிச் செஞ்சிரிக்காரு. அவர இன்னும் வெக்கப்பட வெச்சிக்கிட்டிரிக்கிறது நாங்கதான். குத்தம் எங்கடதான்.”

முறைப்பாடு செய்ய வேண்டியவரே இப்படிச் சொன்னால் வழக்கு ஏது? அதிகாரி சிரித்துக்கொண்டே எதையோ எழுதினார். மாணவர்கள் தங்கள் வாழ்க்கையிலிருந்தே உதாரணம் எடுத்து வாதிடுகிறார்கள் என்று அதில் இருந்ததாக அதிபர் பிறகு சொன்னார். நியமனம் நிரந்தரமானது. எனக்கோ அந்த வகுப்பிலேயே கண் கலங்கிவிட்டது. பதினெட்டு நாள் கூச்சத்தை அந்த மனுசி நாலைந்து வசனத்தில் தீர்த்து வைத்தார். அன்று பகல் முதல் தடவையாக இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அந்த நன்றி எனக்கு இன்றைக்கும் இருக்கிறது.

சஹ்னா இப்போது சட்டத்தரணி. பெருநாளைக்குக் குடும்பம் கூடும்போது, அவள் பேசிய முதல் வழக்கு எது என்று யாராவது கேட்பார்கள். (தெரிந்துகொண்டேதான் கேட்பார்கள்.) அவள் தன் சாச்சாவை, அதாவது சித்தப்பாவான என்னைக் காட்டுவாள். வென்றாயா என்று அடுத்த கேள்வி வரும்.

“எங்க வெல்ற? சாச்சா இன்னும் பிணையிலதான் இரிக்காரு. பிணைக்கு நிண்டது எங்கட உம்மா.”

ராத்தா அதை மறுப்பதில்லை. நானும் இதுவரை விடுதலை கேட்டதில்லை.