கூடையில் ஒரே ஒரு சாமான்

இனி ஞாயிற்றுக்கிழமை மதியம் தூங்கியே தீருவது என்று சபதம் எடுத்தேன். வாரத்தில் ஆறு நாள் கம்பெனிக்கு வெப்சைட் எழுதுகிறவன் நான். ஏழாவது நாள் கண்ணை மூடும் நேரம் பார்த்து என் மனைவி சாமான் பட்டியலை நீட்டுவாள். பட்டியலா அது? விரித்தால் நானே அதில் படுக்கலாம்.

நேராக மறுத்தால் வீடு தாங்காது. அதனால் என் தொழிலைக் காட்டினேன்.

"இனிமே பேப்பர் வேணாம். ஹால் கம்ப்யூட்டர்ல உனக்குன்னே ஒரு பக்கம் பண்ணிருக்கேன். ஒவ்வொரு சாமானா தட்டு. கூடையில விழும்."

"விழுந்தா?"

"கூடையில என்ன இருக்கோ, மறுபேச்சு பேசாம கொண்டு வருவேன்."

"சத்தியமா?"

"சத்தியமா!"

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். வெப்சைட் எழுதும் பிஎச்பி மொழியில் செஷன் என்று ஒன்று உண்டு. பக்கம் மாறினாலும் நாம் போட்டதை மறக்காது. அதில் கூடையை அரே, அதாவது பட்டியலாக வைத்தால், சாமான்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கும். அதற்கு ஒரு ஜோடி சதுர அடைப்புக்குறி போட வேண்டும். நான் போடவில்லை. வேண்டுமென்றேதான்! போடாவிட்டால் புதிதாக வருவது பழையதை விரட்டிவிட்டு அங்கே உட்காரும். கடைசியாகத் தட்டியது மட்டும் மிஞ்சும்.

முதல் வாரம் இருபத்து மூன்று சாமான் தட்டினாள். நான் போய்க் கூடையைத் திறந்தேன். குண்டூசி! தெருமுனைக் கடையில் வாங்கிக் கொடுத்துவிட்டுப் படுத்தேன்.

"மத்ததெல்லாம் எங்கேங்க?"

"கூடையில குண்டூசிதான் இருந்தது. கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?"

"கம்ப்யூட்டர் சொல்லாது" என்றாள்.

இரண்டாம் வாரம் தீப்பெட்டி. சோப்பில்லாமல் குளித்தேன், வெங்காயம் இல்லாமல் சாப்பிட்டேன். தூக்கத்துக்காக எதையும் தாங்கலாம்.

தையல் மிஷினை மிதித்தபடியே கேட்டாள்: "போன வாரம் கடைசியா தட்டினது குண்டூசி. இந்த வாரம் தீப்பெட்டி. வேடிக்கையா இல்ல?"

"தற்செயல்" என்று தலையணையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

மூன்றாம் வாரம் வீட்டில் ஆளைக் காணோம். தையல் மிஷின் மூடிக் கிடந்தது. நமக்கென்ன என்று கூடையைத் திறந்தேன். ஒரே ஒரு சாமான்.

"நான். மார்க்கெட் வாசலில்."

சத்தியம் செய்து தொலைத்தவன் ஆயிற்றே! ஓடினேன். பதினொரு பைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள்.

"கூடையில நீ மட்டும்தானே இருந்தே? இதெல்லாம் என்ன?"

"இதெல்லாம் என்னோட சேர்ந்தது. ஒரு சாமானுக்குள்ள பல சாமான் இருக்கக் கூடாதா?"

இருக்கலாம். அரேக்குள் அரே. இருபது வருஷமாக அதைத்தான் எழுதிச் சம்பளம் வாங்குகிறேன். பைகளைத் தூக்கினேன். லிஃப்ட் இல்லாத நாலாவது மாடி எங்கள் வீடு. மூன்று நடை ஏறினேன்.

"அந்தக் கோளாறைச் சரி பண்றீங்களா, இல்ல வாராவாரம் கடைசியா என்னையே தட்டட்டுமா?"

மூச்சு வாங்கியபடியே போய் அடைப்புக்குறியைப் போட்டேன்.

இப்போது கூடை ஒன்றைக்கூட விடுவதில்லை. இந்த ஞாயிறு முப்பத்தோரு சாமான். கடைசிச் சாமான்: தலையணையை வைத்துப் பூட்ட ஒரு பெட்டி.