டர்போ சாரின் ரெண்டு கதவுக் கார்

மணிக்கு இருநூறு கிலோமீட்டர் ஓடக்கூடிய காரை ஆசையாக வாங்கி, அதை ஆட்டு மந்தைக்குப் பின்னால் இருபதில் ஓட்டிக்கொண்டு போன மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருக்க முடியும். அவருடைய பின் சீட்டில் தினமும் பயணம் செய்யும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. பாக்கியம் என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். என் இடுப்பைக் கேட்டால் அது வேறு வார்த்தை சொல்லும்.

அவருக்கு அழகான வேதாகமப் பெயர் ஒன்று உண்டு. ஆனால் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் முதல் வாட்ச்மேன் வரை எல்லாருக்கும் அவர் டர்போ சார்தான். சேரன்மகாதேவியில் அவர் கணக்கு வாத்தியார், நான் தமிழ், பாத்திமா டீச்சர் அறிவியல். அவருக்கு வீடு பாளையங்கோட்டையில், எனக்கு வண்ணார்பேட்டையில், பாத்திமா டீச்சருக்கு மேலப்பாளையத்தில்.

சாரின் மனைவி எஸ்தர் அக்கா, கோயிலுக்கும் கல்யாண வீட்டுக்கும் போய்வரத் தோதாக ஒரு பழைய கார் பார்த்து வாங்கிவரச் சொல்லி அவரைக் கோயம்புத்தூருக்கு அனுப்பினார். சார் மறுநாள் ஒரு சிவப்பு வண்டியோடு வந்து இறங்கினார். ரேஸ் பைத்தியம் பிடித்த யாரோ ஒரு பையன் வைத்திருந்தது. தரையைத் தடவிக்கொண்டு போகிற மாதிரி தாழ்த்தி, பின்னால் குடம் நுழைகிற அளவுக்குப் புகைக்குழாய் மாட்டியிருந்தான். எஸ்தர் அக்கா வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தாராம்.

"இதுல ரெண்டு கதவுதான இருக்கு? மிச்ச ரெண்டும் லாரில வருதா?"

"நீ கதவை எண்ணாத எஸ்தர். உள்ள டர்போ இருக்கு" என்றாராம் சார்.

டர்போ என்றால் எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் திணித்து வேகம் கூட்டுகிற ஒரு சமாச்சாரம். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. தினமும் இருபது கிலோமீட்டர் போக, இருபது வர, காதில் ஓதி ஓதி மனப்பாடமானது.

நான் எப்படி அந்த வண்டிக்குள் மாட்டினேன் என்று கேட்பீர்கள். ஒருநாள் பஸ் வரவில்லை. சார் வண்டியை நிறுத்தி "ஏறுங்க டீச்சர்" என்றார், ஏறினேன். மறுநாள் காலையில் அவரே என் வீட்டு முனையில் வந்து நின்றார். அதற்கடுத்த நாளும் நின்றார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுக்கும் போதெல்லாம் அவர் துணியை எடுத்து எனக்காகக் கதவுக் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருப்பார். பாத்திமா டீச்சரும் இதே வலையில்தான் விழுந்தார்.

ஏறுவது என்றால் சும்மா ஏறுவது இல்லை. சாருக்குப் பக்கத்தில் உட்காரக் கூச்சப்பட்டு நாங்கள் இருவரும் பின்னால்தான். முன் சீட்டை மடக்கி, தலையைக் குனிந்து, சேலைக் கொசுவத்தை ஒரு கையில் பிடித்து, பையை முதலில் உள்ளே எறிந்துவிட்டு அதன் பின்னால் தவழ வேண்டும். பாத்திமா டீச்சர் பர்தாவோடு உள்ளே போவதற்குள் தெருவில் போகிறவர்கள் நின்று யோசனை சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

அப்படி ஏறி உட்கார்ந்தாலும் நிம்மதி கிடையாது. எங்கள் ரோட்டில் வேகத்தடைகளுக்குப் பஞ்சமில்லை. வண்டியோ தரையோடு தரையாகக் கிடப்பது. வேகத்தடை தூரத்தில் தெரிந்ததுமே சாருக்கு முகம் வெளிறிவிடும்.

"டீச்சர்மாரு கொஞ்சம் இறங்குங்க. அடி தட்டிரும்."

நாங்கள் இறங்குவோம். சார் வண்டியைக் குறுக்காகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக, தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல ஏற்றி இறக்குவார். நாங்கள் அந்தப் பக்கம் நடந்து போய் மறுபடியும் தவழ்வோம். முன்னீர்பள்ளத்தில் ஒரு டீக்கடைக்காரர் எங்களைப் பார்த்தாலே எழுந்து நிற்பார்.

"என்ன டீச்சர், இன்னைக்கும் தள்ளணுமா?"

"தள்ள வேண்டாம் அண்ணாச்சி. சும்மா நடக்கோம்" என்பார் பாத்திமா டீச்சர்.

பள்ளிக்கூட வாசலுக்கு வந்துவிட்டால் உடனே இறங்கிவிடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். ஓடி வந்த டர்போ சூடாக இருக்குமாம். எஞ்சினைச் சட்டென்று அணைத்தால் அது வெந்து போகுமாம். அதனால் வண்டி நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருக்கும். பிரார்த்தனை மணி அடிக்கும். தலைமையாசிரியை வராந்தாவில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். பிள்ளைகள் வரிசையில் நின்று எங்களைப் பார்ப்பார்கள். கண்ணாடிக்குள் இரண்டு டீச்சர்கள், மீன் தொட்டிக்குள் மீன் மாதிரி.

"சார், மணி அடிச்சிட்டாங்க. கதவைத் திறங்க."

"பொறுங்க டீச்சர். ஆறட்டும்."

"எது, டர்போவா, தலைமையாசிரியையா?"

அவர் சிரிக்கமாட்டார். வண்டி விஷயத்தில் அவருக்கு நகைச்சுவை உணர்ச்சி கிடையாது.

இதைவிடப் பெரிய இம்சை சத்தம். ஏதோ புதுச் சத்தம் கேட்கிறது என்று அவருக்குத் தோன்றிவிட்டால் போச்சு. யாரும் பேசக் கூடாது. யாரும் இருமக்கூடக் கூடாது. ஒருநாள் பத்தமடை தாண்டியதும் ஓரங்கட்டிவிட்டார். "பின்னால கிணுகிணுன்னு ஒண்ணு கேக்குது. கேக்குதா?" என்று கீழே படுத்துப் பார்த்தார். டயரைத் தட்டினார். பானெட்டைத் திறந்து உள்ளே தலையை விட்டார். சட்டை முழுக்கக் கறையோடு எழுந்து, கோயம்புத்தூர் மெக்கானிக்குக்குப் போன் போட்டு, வாயாலேயே அந்தச் சத்தத்தைச் செய்து காட்டினார்.

"கிணு... கிணு கிணு... அப்புறம் வளைவுல திரும்பும்போது கிணுங்ங்..."

பாத்திமா டீச்சர் பைய தன் டிபன் டப்பாவைத் திறந்து, உள்ளே கிடந்த கரண்டியை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றி வைத்தார். வண்டி கிளம்பியது. சத்தம் இல்லை. "பாத்தீங்களா, நான் தட்டுன தட்டுல சரியாயிட்டு" என்றார் சார். நாங்கள் இருவரும் வயல்வெளியைப் பார்த்துக்கொண்டோம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் எஸ்தர் அக்காவின் தம்பி மகன் கல்யாணம் வந்தது. அக்காவுக்கு முழங்காலில் வலி. பள்ளத்தில் உட்கார்வது போன்ற அந்தச் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். மண்டப வாசலில் எழுந்திருக்க முடியவில்லை. பட்டுச் சேலையும் கழுத்து நிறைய நகையுமாக இருந்தவரை இரண்டு மருமகன்மார் ஆளுக்கொரு கையைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். போட்டோக்காரர் அதையும் படம் எடுத்தார். கல்யாண ஆல்பத்தில் அது முதல் பக்கத்தில் வந்துவிட்டது.

"ஒண்ணு அது வீட்ல இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று அக்கா தீர்மானமாகச் சொல்லிவிட்டார்.

ஒரு வாரம் சார் வகுப்பில் கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு ஜன்னல் வழியே வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். பிறகு, துபாயிலிருந்து லீவில் வந்திருந்த ராதாபுரத்து முஸ்லிம் வாலிபர் ஒருவரிடம் பேசி முடித்தார். சனிக்கிழமை வண்டியைக் கொண்டுபோய்க் காட்டி, பிடித்திருந்தால் அங்கேயே விட்டுவிடுவது என்று ஏற்பாடு.

"நீங்க ரெண்டு பேரும் கூட வரணும் டீச்சர். தினம் ஏறுதவங்க சொன்னா அவருக்கு ஒரு நம்பிக்கை வரும்லா" என்றார்.

எங்களுக்கு அப்படி ஒரு சந்தோஷம். பாத்திமா டீச்சர் ஒரு பை நிறைய முறுக்கு கொண்டு வந்தார். எஸ்தர் அக்கா முன் சீட்டில் வலியைப் பொறுத்துக்கொண்டு ஜெயித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். போகிற வழியெல்லாம் சார் சத்தம் கேட்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு என்னவோ போலிருந்தது.

அந்த வாலிபர் நல்ல பையன். வண்டியைப் பார்த்ததும் கண் விரிந்துவிட்டது. சுற்றிச் சுற்றி வந்து தடவிப் பார்த்தார். சாவியை வாங்கக் கையை நீட்டியவர், திடீரென்று என் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், நீங்கதான் தினம் இதுல போறீங்களாமே. வண்டி எப்படி இருக்கு?"

இந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று எத்தனை மாதமாக ஏங்கியிருக்கிறேன்! சாரைப் பார்த்தேன். அவர் சாவியை இறுகப் பிடித்தபடி எங்கேயோ பனைமரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நான் பொய் சொல்லமாட்டேன்" என்று ஆரம்பித்தேன். "வேகத்தடை வந்தா வீட்டுக்காரங்களை இறக்கி விடணும். ஏசி, குளிர்காலத்துல மட்டும் நல்லா வேலை செய்யும்."

சார் மெல்லத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் லேசாக ஒரு வெளிச்சம்.

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. "சின்ன சாமான் ஒண்ணு உடைஞ்சாலும் கோயம்புத்தூர்ல இருந்து வரணும். அதுவரைக்கும் வண்டி வீட்ல சேலை மூடிக் கிடக்கும்."

"மழை பெஞ்சா உள்ளயும் பெய்யும்" என்றார் பாத்திமா டீச்சர். இது எனக்கே புதுச் செய்தி.

"உங்க உம்மா ஏறுவாங்களா?" என்று கேட்டேன்.

"எங்க உம்மாவுக்கு முட்டு வலி டீச்சர்."

அப்போது எஸ்தர் அக்கா வாயைத் திறந்தார். "அப்ப வேண்டாம் தம்பி. ரெண்டு ஆள் இழுக்கணும். நான் அனுபவத்துல சொல்லுதேன்."

பையன் நீட்டிய கையைப் பைய மடக்கிக்கொண்டார். "அண்ணாச்சி, தப்பா நினைக்காதீங்க. வீட்ல கலந்துட்டுச் சொல்லுதேன்." உட்காரவைத்து டீ கொடுத்து, மரியாதையாக அனுப்பிவைத்தார்.

திரும்பி வரும் வழியில் ராதாபுரம் தாண்டியதும் ரோடு நூல் பிடித்ததுபோல நேராகக் கிடந்தது. ஆள் இல்லை, ஆடு இல்லை, வேகத்தடை இல்லை. இரண்டு பக்கமும் காற்றாலைகள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தன. சார் ஒருமுறை எஸ்தர் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு காலை அழுத்தினார்.

என்ன நடந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது. பனைமரங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து வேலியாகிவிட்டன. முன்னால் விசில் மாதிரி ஒரு சத்தம் எழுந்தது. அதுதான் டர்போ. அத்தனை நாளும் ஊர்ந்தே போனதால் நாங்கள் கேட்டிராத குரல். "யா அல்லா" என்று என் கையைப் பிடித்துக்கொண்ட பாத்திமா டீச்சர், சிறிது நேரம் கழித்து, "சார், இன்னும் கொஞ்சம்" என்றார்.

பணகுடிப் பக்கம் போக்குவரத்து தெரிந்ததும் சார் வேகத்தைக் குறைத்தார். எஸ்தர் அக்கா காற்றில் பறந்த முடியை ஒதுக்கிக்கொண்டார்.

"இம்புட்டு நாளும் இதை ஏன் காட்டல?" என்றார்.

"நீ பயப்படுவன்னு நினைச்சேன்."

"கோயிலுக்கு நான் ஆட்டோவுல போய்க்கிடுதேன். ஆனா மாசம் ஒருதடவை என்னைய இங்கன கூட்டிட்டு வரணும், ஆமா."

சாருக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணாடியில் பார்த்தேன்.

பாத்திமா டீச்சரை மேலப்பாளையத்தில் இறக்கிவிட்டு, என்னை வண்ணார்பேட்டை முனையில் விட்டார்கள். நான் தவழ்ந்து இறங்கி, சேலையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தபோது சார் கதவருகே வந்து நின்றார்.

"டீச்சர், அங்கன நீங்க சொன்னதெல்லாம் கேட்டேன். இவ்வளவு சங்கடப்பட்டிருக்கீங்கன்னு எனக்குத் தெரியாது. திங்கக்கிழமையில இருந்து நீங்க பஸ்லயே வேணும்னாலும்..."

"பஸ்லயா? அந்தக் கூட்டத்துல யாரு சார் நிப்பா?" என்று கடுகடுத்தேன். "வழக்கம்போல வந்து சேருங்க. சீக்கிரமா வாங்க."

அந்த நேரத்துச் சேரன்மகாதேவி பஸ்ஸில் பாதி சீட்டு காலியாகத்தான் போகும்.